கச்சாலுக்குப் போய்ச் சேராத ஐந்து நிமிடம்

ஒரு நாளைக்கு ஐந்தே நிமிடம் படித்தால் போதும் என்று முதலில் சொன்னவர் யாராக இருந்தாலும் சரி, அவரைக் கொண்டுபோய் நிக்கோபாரில் கச்சால் தீவில் மொபைல் டவருக்கு அடியில் நிறுத்த வேண்டும். கையில் ஒரு மொபைலைக் கொடுத்து, தலைக்கு மேலே தூக்கிப் பிடிக்கச் சொல்ல வேண்டும். திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். மழை வரும். கை வலிக்கும். அப்போதும் ஐந்து நிமிடம் என்றுதான் சொல்வாரா என்று நான் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும்.

என் கணவர் அப்படித்தான் நின்றுகொண்டிருந்தார். தீவுகளில் உள்ள மொபைல் டவர்களுக்கு ஜெனரேட்டரும் பேட்டரியும் பார்த்துக்கொள்கிற ஒரு தனியார் கம்பெனியில் அவர் டெக்னீஷியன். மூன்று வருடமாகக் கச்சாலில் வேலை. அதே கம்பெனியின் போர்ட் பிளேர் ஆபீஸ் டாலிகஞ்சில் இருக்கிறது. நான் அங்கே வேலை பார்க்கிறேன். என் வேலை பாடம் செய்வது. கம்பெனி ஆட்கள் மொபைலில் பார்த்துப் படித்துப் பாஸ் செய்கிற ஆன்லைன் பாடங்களை எழுதி, படம் சேர்த்து, கேள்வி போடுகிறவள் நான். ஆக, நான் டாலிகஞ்சில் உட்கார்ந்து செய்த பாடம் கச்சாலில் என் வீட்டுக்காரருக்கு ஓடவில்லை. ஊருக்கெல்லாம் சிக்னல் கொடுக்கிற டவருக்கு டீசல் ஊற்றுகிற மனிதருக்கு! பேசினால் கேட்கும், அதுவும் வானம் நல்லபடியாக இருந்தால். படம் பார்க்கலாம் என்று போனால் அவ்வளவுதான்.

ஓடாவிட்டால் போகட்டும் என்று விட முடியாது. எங்கள் கம்பெனியில் வருடத்துக்கு ஒரு முறைதான் டிரான்ஸ்ஃபர் கேட்கலாம். வெளித்தீவுகளில் இருப்பவர்கள் போர்ட் பிளேருக்கு வர வேண்டுமென்றால் பாதுகாப்புப் பாடம் முழுவதையும் முடித்திருக்க வேண்டும். முடிக்காதவருடைய விண்ணப்பத்தைக் கம்ப்யூட்டர் வாங்கவே வாங்காது. எங்கள் மகள் ஒன்றாம் வகுப்புக்கு வந்துவிட்டாள். அவளைப் பொறுத்தவரை அப்பா என்பது ஒரு குரல். பள்ளிக்கூடத்தில் குடும்பப் படம் வரையச் சொன்னபோது என்னையும் தன்னையும் வரைந்துவிட்டு, என் கையில் ஒரு போனை வைத்து, “அதுக்குள்ள அப்பா” என்றாளாம். டீச்சர் அதைச் சிரித்துச் சிரித்து என்னிடம் சொன்னார்.

நான் ஆராய்ச்சிக்கு எதிரி இல்லை. அதைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் ஏதோ புதுசு எதுவும் பிடிக்காத பெண்பிள்ளை புலம்புகிறாள் என்று நினைப்பீர்கள். முன்பு பயிற்சி எப்படி நடந்தது என்று எனக்குத் தெரியும். மெயின்லேண்டிலிருந்து ஒருவர் விமானத்தில் வந்து இறங்குவார். ஹாலில் திரையைக் கட்டி நாள் முழுக்கப் பேசுவார். மத்தியானம் பிரியாணிப் பொட்டலம். அதற்குப் பிறகு அவர் பேசியதை மின்விசிறிதான் கேட்டது. வெளித்தீவுகளிலிருந்து ஜஹாஜில், அதாவது கப்பலில், வந்த ஆட்கள் பின்வரிசையில் உட்கார்ந்து, அபர்தீன் பஜாரில் என்னென்ன வாங்க வேண்டும் என்று பேசிக்கொண்டிருப்பார்கள். அந்தப் பயிற்சியில் யாரும் எதையும் கற்றுக்கொள்ளவில்லை. ஆனால் எல்லோரும் ஒரு தடவை வீட்டுக்கு வந்து போனார்கள். ஆன்லைன் வந்ததும் பயணச் செலவு மிச்சம் என்று அதை நிறுத்தினார்கள்.

அப்போது நான் டேட்டா என்ட்ரியில் இருந்தேன். பாடம் செய்ய யாராவது வேண்டும் என்றபோது கையைத் தூக்கினேன். விடுமுறை நாட்களில் ஆன்லைனில் படித்துப் படித்தே இந்தத் தொழிலைக் கற்றுக்கொண்டேன். மனிதர்கள் எப்படிக் கற்கிறார்கள் என்று உலகத்தில் இவ்வளவு பேர் உட்கார்ந்து ஆராய்கிறார்கள் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். ஒரே மூச்சில் கேட்டதை மனசு சீக்கிரம் மறந்துவிடும். கொஞ்சமாகக் கொடு, இடைவெளி விடு, திரும்பக் கேள். சொல்லிக் கொடுப்பதைவிட, கேள்வி கேட்டுப் பதிலை வெளியே எடுக்க வைப்பது நன்றாக நிற்கும். நீளமான வீடியோவை யாரும் கடைசிவரை பார்ப்பதில்லை. இதெல்லாம் எனக்கு நிஜமாகவே பிடித்திருந்தது. மகளுக்கு வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்தபோது நானே கண்ணால் பார்த்த விஷயம்தான்.

ஆனால் ஆராய்ச்சி சொன்னது எங்கள் கம்பெனிக்கு வந்து சேர்ந்தபோது வேறு உருவத்தில் இருந்தது. இடைவெளி விடு என்றது ஆராய்ச்சி. சென்னைத் தலைமை ஆபீஸ் அதைக் காலண்டராக மாற்றியது. தினம் ஐந்து நிமிடப் பாடம் ஒன்று திறக்கும், அன்றைக்கே முடித்துவிட வேண்டும். ஒரு மாதம் விடாமல் முடித்தால் பாதுகாப்புப் பாடம் பூர்த்தி, திரையில் ஒரு மெடல் சுழலும். நடுவில் ஒரு நாள் விட்டுப்போனால் தொடர் அறுந்துவிடும். திரும்பவும் முதல் பாடத்திலிருந்து வர வேண்டும். விளையாட்டு மாதிரி இருந்தால் ஆர்வம் குறையாதாம். இப்போது எங்கே பார்த்தாலும் இதுதான் ஃபேஷன் என்றார்கள். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காக முடிந்தது.

கணவர் எப்படியோ இருபது நாள் வரை ஓட்டிவிடுவார். அப்புறம் புயல் சின்னம் என்பார்கள், அல்லது ஜெனரேட்டர் மக்கர் பண்ணும், அல்லது ஒரு காரணமும் இல்லாமல் நெட் போகும். சாண் ஏறினால் முழம் சறுக்கல். தீயணைக்கும் கருவி என்றால் என்ன என்கிற முதல் பாடத்தை எத்தனை தடவை பார்த்தார் என்பது அவருக்கே தெரியாது. அதில் நான் ஆசையாகத் தேடிப் போட்ட சிவப்பு சிலிண்டர் படத்தை எனக்கே பார்க்கப் பிடிக்காமல் போயிற்று.

போர்ட் பிளேர் கராச்சர்மாவில் நாங்கள் இருக்கும் சந்தில் கம்பெனிக் குடும்பங்கள் நாலைந்து உண்டு. ஒருவருடைய கணவர் டிக்லிபூரில், ஒருவருடையவர் ஹட் பேயில், இப்படி ஆளுக்கொரு தீவில். நெட் ஒழுங்காக இருக்கும் இடத்தில் மனைவி, வேலை இருக்கும் இடத்தில் கணவன். ஆகவே கணவருடைய பாஸ்வேர்டைப் போட்டுப் பாடத்தை மனைவிகள் படித்தார்கள். யாரும் கூடிப் பேசி முடிவெடுக்கவில்லை. கேஸ் புக் செய்வது, பிள்ளைகளுக்கு ஃபீஸ் கட்டுவது, ஜஹாஜ் டிக்கெட்டுக்குக் க்யூவில் நிற்பது என்று போர்ட் பிளேரில் இருக்கிறவள் செய்ய வேண்டிய வேலைகளோடு இதுவும் ஒன்றாகச் சேர்ந்துகொண்டது. சாயங்காலம் ஆனால் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கை மீன் புரட்டும், இன்னொரு கை மொபைலைத் தட்டும். சரியான பதிலுக்கு ஒரு மணி ஓசை வைத்திருந்தோம். குக்கர் விசிலுக்கு நடுவே அந்த மணி சந்து முழுக்க அடிக்கும்.

பக்கத்து வீட்டுப் பெங்காலி அம்மாள் இதில் கெட்டிக்காரர். அவருடைய கணவர்தான் டிக்லிபூரில் இருந்தவர். பேட்டரிக்கு ஊற்ற வேண்டியது குழாய்த் தண்ணீரா, காய்ச்சி வடித்த தண்ணீரா என்று சுவருக்கு மேலே தலையை நீட்டி ஒரு நாள் என்னிடமே கேட்டார்.

“தீதி, பேட்டரி மே கௌன்சா பானி டால்தா ஹை? நல் வாலா?”

கேள்வியைப் போட்டவளிடமே பதில் கேட்கிற தைரியத்தைப் பாருங்கள். “முஜே நஹி மாலூம்,” எனக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டேன். ஒரு நிமிடம் கழித்து அந்த வீட்டிலிருந்து மணி அடித்தது. எதிர் வீட்டில் கேட்டிருப்பார்.

அவருக்கு நல்ல மனசு. அதையும் சொல்ல வேண்டும். என் கணவருடைய தொடர் மறுபடி அறுந்தது என்று தெரிந்ததும், “ஆப்கா வாலா பீ மே கர் தேகா, தீதி,” என்றார். உன் கணவருடையதையும் சேர்த்து நானே செய்துவிடுகிறேன், பாஸ்வேர்டு மட்டும் கொடு என்பது அதன் பொருள். நான் மாட்டேன் என்றேன். வெளியே தெரிந்தால், கேள்வி போட்டவளின் கணவர் என்று எங்கள் இரண்டு பேர் வேலையும் சேர்ந்து போகும். அது ஒரு காரணம். இன்னொரு காரணம் வெறும் வீம்பு. நன்றாகச் செய்த பாடம், அவர் படித்தே பாஸ் செய்யட்டும் என்று எனக்கு இருந்தது.

அவருக்கு அந்த வீம்பெல்லாம் இல்லை. போனில் சொன்னார்: “விடும்மா. அந்த பாபிகிட்ட பாஸ்வேர்டு குடுத்துரு. எல்லாரும் அப்பிடித்தானே பண்றாங்க.”

“நான் எழுதுன பாடத்த நீங்க படிக்காம அடுத்த வீட்டுக்காரங்க படிக்கணுமா?”

“நான் படிக்க மாட்டேன்னு எப்பச் சொன்னேன்? இங்க ரெண்டு நாளா பாரிஷ், மழை விடல, நெட் பந்த். எனக்கு மெடல் எதுக்கு? கருக்கு, நம்ம வீட்டுக்கு வந்து சேரணும், அவ்ளோதான்.”

“வரத்தான் போறீங்க. நான் பாத்துக்கறேன்,” என்றேன். எந்த நம்பிக்கையில் சொன்னேன் என்று இப்போது யோசித்தாலும் தெரியவில்லை.

மாதம் ஒரு முறை சென்னையோடு வீடியோ மீட்டிங் நடக்கும். பயிற்சிப் பிரிவின் தலைவர் என்னைவிட வயதில் சின்னவர், மரியாதையானவர், எதையும் சிரித்த முகத்தோடு சொல்லுவார். கச்சாலில் இருப்பவர் என் கணவர் என்று அவருக்குத் தெரியாது. சிபாரிசு என்று நினைத்துவிடக் கூடாதே என்று நானும் சொன்னதில்லை. அந்த மாத மீட்டிங்கில் அவர் ஒரு வரைபடம் காட்டினார். அந்தமான் ஆட்கள் எல்லோரும் சாயங்காலம் ஒரே நேரத்தில் படிக்கிறார்களாம். மார்க்கும் கம்பெனியிலேயே அதிகமாம்.

“சூப்பர் இன்சைட் இது. டின்னருக்கு முன்னாடி கத்துக்கிட்டா நல்லா நிக்குதுன்னு டேட்டாவே சொல்லுது. ஆல் இண்டியாவுக்கும் இனிமே அந்த டைம்லதான் நோட்டிஃபிகேஷன் அனுப்பப் போறோம்.”

எங்கள் சந்தின் சமையல் நேரம் ராஜஸ்தான் வரைக்கும் போயிற்று. நான் மைக்கை அணைத்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டேன். அடுத்த படத்தில் எல்லாம் பச்சைப் புள்ளிகள், ஒன்று மட்டும் சிவப்பு. அது கச்சால்.

“இந்த லேர்னருக்குத்தான் மோட்டிவேஷன் கம்மியா இருக்கு,” என்றார்.

“நெட் கம்மி, சார். ஆர்வம் இருக்கு,” என்றேன்.

“மத்த ஐலேண்ட்ல எல்லாம் முடிக்கிறாங்களே மேடம்?”

இதற்கு நான் என்ன பதில் சொல்வது? மற்ற தீவுகளில் யாரும் முடிக்கவில்லை, கராச்சர்மாவில் மீன் வறுத்துக்கொண்டே முடிக்கிறார்கள் என்று சொல்லலாம். சொன்னால் என் கணவர் சோம்பேறி இல்லை என்பது விளங்கிவிடும். கூடவே சந்தில் அத்தனை வீட்டு டிரான்ஸ்ஃபரும் போகும். அந்தப் பிள்ளைகளும் என் மகளோடு ஒரே ஆட்டோவில் பள்ளிக்கூடம் போகிறவர்கள். வாயை மூடிக்கொண்டேன். அந்தத் தலைவர் மேல் வந்ததைவிட எனக்குச் சந்தின் மேல்தான் அதிகக் கோபம் வந்தது. அந்த மணி ஓசை ஒவ்வொன்றும் என் கணவரைச் சிவப்பாக்கிக்கொண்டிருந்தது.

ஆர்வம் குறைந்தவர்களுக்கு ஊக்கச் செய்தி அனுப்புவது என்று முடிவாயிற்று. எழுதுவதும் தமிழாக்குவதும் எல்லாம் ஏஐ. என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. மறுநாளே கணவர் கூப்பிட்டார்.

“இங்க பாரு, கம்பெனிலேருந்து மெசேஜ். ‘நீங்கள் தீப்பற்றி எரிகிறீர்கள், நிறுத்தாதீர்கள்’னு போட்டிருக்கு. நான் டீசல் டேங்க் பக்கத்துல நிக்கிறேன். ஓடவா, நிக்கவா?”

‘யூ ஆர் ஆன் ஃபயர்’ என்ற பாராட்டை ஏஐ அப்படியே தமிழாக்கியிருந்தது. அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். போனை வைத்ததும் அழுகை வந்தது. பாடம் மட்டும் போகாத இடத்துக்கு இந்தக் கண்றாவி மட்டும் எப்படிச் சரியாகப் போய்ச் சேருகிறது?

அதற்குப் பிறகுதான் நான் அந்த வேலையில் இறங்கினேன். பாதுகாப்புப் பாடம் முழுவதையும் நெட் இல்லாமல் மொபைலிலேயே ஓடுகிற மாதிரி ஒரே ஃபைலாகக் கட்டினேன். ஆராய்ச்சி சொன்ன இடைவெளியை நான் விடவில்லை. ஒரு பாடம் முடித்த கையோடு அடுத்தது திறக்காது. ஆனால் அந்த இடைவெளி அவர் எப்போது பாடத்தைத் திறந்தாரோ அங்கிருந்து கணக்காகும். காலண்டருக்கு அதில் வேலை இல்லை. நடுவில் புயல் வந்தால் வந்துவிட்டுப் போகட்டும், விட்ட இடத்திலிருந்து தொடரலாம். எப்போது நெட் கிடைக்கிறதோ அப்போது மார்க் தானாக ஆபீஸுக்குப் போகும். பழைய பாடத்தில் சும்மா சொல்லிக்கொண்டு போன இடங்களை எல்லாம் கேள்வியாக மாற்றினேன். அவர் போனில் சொன்ன தொல்லைகளையே கதையாக வைத்தேன். உப்புக் காற்றில் பேட்டரி முனை பூத்துப்போவது, ஈரக் கையோடு ஸ்விட்சைத் தொடுவது, டீசல் பீப்பாயைப் படகிலிருந்து இறக்குவது. இதுவரை நான் செய்ததில் உருப்படியான பாடம் அது ஒன்றுதான்.

கமோர்ட்டா போகிற ஜஹாஜில் ஏறிக் கச்சால் வரை போன தெரிந்த ஒருவரிடம் மெமரி கார்டைக் கொடுத்தனுப்பினேன். கணவர் விடாமல் படித்தார், பாஸும் செய்தார்.

“மழைலயும் ஓடுதும்மா,” என்றார். “அந்தப் பீப்பா கேள்வில ரெண்டு தடவை தப்பு போட்டேன். அப்பறம்தான் வெளங்குச்சு.”

எனக்குக் கிடைத்த பாராட்டுகளில் இதைவிடப் பெரியது இல்லை.

சென்னையைச் சம்மதிக்க வைப்பதுதான் பாடு. லைவ் டேட்டா இல்லாமல் எப்படி நம்புவது என்றார்கள். நான் மெயில் அனுப்பினேன், வீடியோ காலில் ஓட்டிக் காட்டினேன், இடைவெளி பற்றி ஆராய்ச்சிகள் சொல்வதை எல்லாம் எடுத்து வைத்தேன். ஒவ்வொரு தடவையும் “மேல பேசறேன் மேடம்” என்பதே பதில். டிரான்ஸ்ஃபர் விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் நெருங்கியது. கச்சாலில் முடித்ததைக் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டேன். அதற்கும் மேலே பேச வேண்டுமாம்.

அந்த வாரம் பக்கத்து வீட்டு அம்மாள் தட்டில் சந்தேஷ் கொண்டுவந்து கொடுத்தார். அவருடைய கணவருக்கு டிரான்ஸ்ஃபர் உறுதி என்று ஆபீஸில் சொல்லிவிட்டார்களாம். எனக்கும் சீக்கிரம் ஆகிவிடும் என்று என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். இனிப்பை மகளுக்கு எடுத்து வைத்துவிட்டுத் தட்டைக் கழுவிக் கொடுத்தேன்.

மறுநாள் ஆபீஸில் இருந்தபோது சென்னையிலிருந்து அந்தத் தலைவரே போன் செய்தார்.

“கங்கிராட்ஸ் மேடம்! உங்க ஆஃப்லைன் ஐடியாவுக்கு அப்ரூவல் கிடைச்சிடுச்சு. மேனேஜ்மென்ட்ல எல்லாருக்கும் ரொம்பப் பிடிச்சிருக்கு.”

நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டேன். “ரொம்ப நன்றி சார். அப்ப கச்சால்ல அவர் முடிச்சது…”

“கச்சால்தான் மேடம்! அங்கதான் பைலட் ஸ்டடி பண்றோம். நெட்வொர்க் மோசமான இடம், மோட்டிவேஷன் கம்மியான லேர்னர். இதைவிட நல்ல கேஸ் கிடைக்காது. அதே ஆள், அதே இடம், ஒரு வருஷம் ஃபாலோ பண்ணணும். நடுவுல ஆள மாத்தினா ரிசர்ச்சே வேஸ்ட். ஹெச்ஆர்ல சொல்லி அவரோட போஸ்டிங்க ஃப்ரீஸ் பண்ணியாச்சு.”

“அவர் ஏற்கெனவே எல்லாப் பாடமும் முடிச்சிட்டாரு சார்.”

“அது டெஸ்ட் ஃபைல்தானே, சிஸ்டம்ல வராது. ஃபர்ஸ்ட் லெசன்லேருந்து ஃப்ரெஷ்ஷா ஆரம்பிக்கலாம்.”

“சார், எனக்கு இந்தப் பைலட் வேண்டாம். நான் வாபஸ் வாங்கிக்கறேன்.”

“ஏன் மேடம்? ரிப்போர்ட்ல உங்க பேர் வரும்.”

“அவர் என் வீட்டுக்காரர், சார்.”

இப்போதாவது புரியும் என்று நினைத்தேன்.

“சொல்லவே இல்லையே மேடம்! அப்ப ரொம்ப நல்லதாப் போச்சு. ஃபீட்பேக் வாங்கறது ஈஸி.”

அவர் கேலி செய்யவில்லை. உண்மையாகவே சந்தோஷப்பட்டார். அதுதான் எனக்குத் தாங்க முடியவில்லை. திட்டியிருந்தால் திரும்பத் திட்டியிருப்பேன். பைலட்டை நிறுத்த முடியுமா என்று அதற்கப்புறமும் கேட்டுப் பார்த்தேன். நிறுத்தினாலும் அவருடைய பாடம் முடியாததாகவே இருக்கும், விண்ணப்பத்தைக் கம்ப்யூட்டர் வாங்காது என்று பொறுமையாக விளக்கினார். எப்படிப் பார்த்தாலும் ஒரு வருடம்.

வீட்டுக்கு வந்து மகளுக்குச் சாப்பாடு போட்டுவிட்டு அவரைக் கூப்பிட்டேன். அன்றைக்கென்று லைன் கணீரென்று இருந்தது. எப்படிச் சொல்வது என்று பஸ்ஸில் யோசித்து வைத்திருந்த எதுவும் வாயில் வரவில்லை. உள்ளதை உள்ளபடி சொன்னேன். என் பாடத்தை ஏற்றுக்கொண்டுவிட்டார்கள், அதனால் நீங்கள் வர முடியாது. கோபத்தில் கம்பெனியையும் சென்னையையும் எங்கள் சந்து வீடுகளையும் சேர்த்துத் திட்டினேன். நான் மூச்சு வாங்க நிறுத்தியபோதுதான் அவர் பேசினார்.

“பாடம் நல்லாத்தாம்மா இருந்துச்சு,” என்றார். “நெசமாவே நல்லா இருந்துச்சு. கொஞ்சம் மோசமாச் செஞ்சிருக்கக் கூடாதா?”

சிரித்துக்கொண்டுதான் கேட்டார். மகள் சாப்பிட்ட கையைக் கழுவிக்கொண்டு வந்து போனுக்காகக் கை நீட்டினாள். கொடுத்தேன். “அப்பா, டிக்கெட் போட்டாச்சா?” என்று அவள் ஆரம்பித்தாள். அவர் என்ன சொன்னார் என்று கேட்க நான் அங்கே நிற்கவில்லை.